சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்ப வருவதைக் கண்டறிதலும் தடுத்தலும்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கடையம் ஓய்வாசிரியர்

மன்றத்தார் அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருப்பது தெரிந்து, பாளையங்கோட்டையில் சிறுநீர்ப்பாதை வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். இளவயது முதல் பீடி குடித்தவர். சிறுநீரில் இரத்தம் போனபோது வலி ஏதும் இல்லாததால், உடம்புச் சூடு என்று கருதி இளநீரும் நீராகாரமும் குடித்துக்கொண்டிருந்தார். பயாப்சி அறிக்கையில் கட்டி உள்உறையைத் தாண்டியிருக்கிறது, ஆனால் தசைக்குள் இறங்கவில்லை என்றும், வீரியம் மிகுந்த வகை என்றும் குறித்திருக்கிறார்கள். டி1 என்று எழுதியிருக்கிறது.

இன்னும் சில வாரங்களில் மறுபடி ஒருமுறை சுரண்ட வேண்டும், பிறகு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா பரிசோதனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். "முழுக்க எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகு இத்தனையும் எதற்கு?" என்று அண்ணன் கேட்கிறார். சிறுநீரைக் கொடுத்தாலே போதும், கேமரா தேவையில்லை என்று உறவினர் ஒருவர் வேறு சொல்லியிருக்கிறார். இவற்றில் எது ஆய்வில் நிலைபெற்றது, எது இன்னும் ஆய்விலேயே இருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அண்ணனுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

வண்ணார்பேட்டை ஆய்வுப் பணியாளர்

ஐயா, நான் மருத்துவரல்லன். புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்புப் பணி செய்தவன். உங்கள் அண்ணாச்சி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தசைக்குள் இறங்காத நிலையில்தான் இருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்துக் குறைவாக இருப்பது இந்த நிலையின் நன்மை. திரும்பத் திரும்ப வருவது இதன் இயல்பு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தன் ஏழு ஆய்வுகளில் பங்கேற்ற 2,596 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, ஓராண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு 15 விழுக்காடாகவும், மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 61 விழுக்காடாகவும் இருந்தது. ஐந்தாண்டுக் கணக்கில் இது 31 முதல் 78 விழுக்காடு வரை போகிறது. மறுசுரண்டலும் நீண்டகாலப் பி.சி.ஜி. சிகிச்சையும் பரவலாவதற்கு முந்தைய நோயாளிகளின் கணக்கு இது என்பதால், இன்று முறையாகச் சிகிச்சை பெறுபவருக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் மருத்துவர் ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறார் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

திரும்ப வருவதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. முதல் சுரண்டலில் கட்டியின் ஒரு பகுதி கண்ணுக்குத் தப்பித் தங்கிவிடலாம். சுரண்டும்போது உதிர்ந்து சிறுநீரில் மிதக்கும் செல்கள் வேறோர் இடத்தில் ஒட்டி வளரலாம். மூன்றாவது, பீடிப் புகையின் நச்சுகள் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீர்ப்பையின் உள்உறை முழுவதும் ஆண்டுக்கணக்கில் அவற்றில் ஊறியிருக்கிறது. ஒரு கட்டியை எடுத்தாலும் பாதிக்கப்பட்ட உறை அங்கேயேதான் இருக்கிறது.

மறுசுரண்டல் முதல் வழியை அடைப்பதற்காகச் செய்யப்படுவது. டி1 நிலைக் கட்டிகளில், முதல் அறுவையில் முழுக்க எடுத்துவிட்டதாகக் கருதப்பட்டவர்களில்கூடப் பாதிப்பேர் அளவுக்கு மறுசுரண்டலில் மிச்சக் கட்டி கிடைத்திருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு நோய் தசைக்குள் இறங்கியிருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது. அறிக்கையில் "தசைத் துணுக்கு உள்ளது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தசை எடுக்கப்படாத மாதிரியை வைத்துக்கொண்டு, தசைக்குள் நோய் இறங்கவில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடையம் ஓய்வாசிரியர்

பார்த்துவிட்டேன். தசை உள்ளது, அதில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறது. உதிர்ந்த செல்கள் ஒட்டி வளரும் என்கிறீர்களே, அதைத் தடுக்க வழி உண்டா?

வண்ணார்பேட்டை ஆய்வுப் பணியாளர்

உண்டு. சுரண்டி முடித்த சில மணி நேரத்துக்குள் ஒரே ஒருமுறை புற்றுநோய் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி வைப்பது. அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வொன்றில், வீரியம் குறைந்த கட்டி என்று கருதப்பட்ட 406 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஜெம்சிடபினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். நான்கு ஆண்டுகளில் மருந்து பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கும், உப்புநீர் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. ஜெம்சிடபின் காப்புரிமை முடிந்த பழைய மருந்து. பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. புதிய மருந்துகளைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆனால் இதன் பயன் சிறிய, ஆபத்துக் குறைந்த கட்டிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் அண்ணாச்சியின் வகைக்கு முதன்மையான தடுப்பு பி.சி.ஜி.தான். சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருந்தாலோ, இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தாலோ இந்த மருந்தைச் செலுத்த மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நோய்க்குறியியல் மாணவி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சிறுநீர்ப் பரிசோதனை பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். என் படிப்பு அதனுடன் தொடர்புடையது.

சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று பாபனிகோலாவும் மார்ஷலும் 1945-இலேயே எழுதினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெயர் தந்த அதே பாபனிகோலா. இந்தச் செல் பரிசோதனை இன்றும் எங்கள் ஆய்வகத்தில் அன்றாடம் நடக்கிறது. வீரியம் மிகுந்த கட்டிகளில் பெரும்பாலானவற்றை இது பிடித்துவிடும்; வீரியம் குறைந்தவற்றில் பெரும்பாலானவற்றைத் தவறவிடும், ஏனென்றால் அந்தச் செல்கள் இயல்பான செல்களைப் போலவே தோன்றும். "புற்றுநோய்ச் செல் உள்ளது" என்று அறிக்கை வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை" என்று வந்தால் அதை மட்டும் நம்பி நிம்மதி அடையக் கூடாது. பி.சி.ஜி. செலுத்திய பின் உள்உறை அழற்சி கொள்வதால், அந்தக் காலத்தில் வரும் மாதிரிகளைப் படித்து முடிவு சொல்வதும் கடினம்.

புரதங்களை அளக்கும் பரிசோதனைகள் பிறகு வந்தன. என்.எம்.பி.22 அவற்றில் பரவலாக அறியப்பட்டது. கல்லடைப்பும் சிறுநீர்த் தொற்றும் இருந்தாலும் இது நோய் இருப்பதாகக் காட்டிவிடும். கோடையில் கல்லடைப்புக்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் நம் பகுதியில் இதனால் எத்தனை பேர் வீணாகக் கலங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். செல்களின் 3, 7, 17-ஆம் குரோமோசோம்களிலும் 9-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியிலும் ஏற்படும் மாற்றத்தை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் பரிசோதனையும் உண்டு; அதற்குச் செலவும் தேர்ந்த கண்ணும் தேவை.

இப்போது நம்பிக்கை தருபவை, சிறுநீரில் உள்ள செல்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கும் பரிசோதனைகள். நியூசிலாந்தில் உருவான சிஎக்ஸ்பிளாடர் ஒன்று. ஐந்து மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வை அளக்கும் எக்ஸ்பர்ட் இன்னொன்று. இவற்றின் பலம், நோய் இல்லாதவருக்கு இல்லை என்று சொல்வதில் இருக்கிறது. வீரியம் மிகுந்த கட்டியை இவை தவறவிடுவது அரிது. ஆனால் "இருக்கிறது" என்று சொல்லும்போது பல நேரம் கேமராவில் ஒன்றும் தென்படுவதில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மாதங்கள் கழித்துக் கட்டி தெரியவருகிறது என்பதால், அதைப் பொய்யான முடிவு என்று ஒதுக்கவும் முடிவதில்லை. அந்த இடைக்காலத்தில் நோயாளி படும் மனக்கலக்கத்துக்கு எந்த ஆய்வும் இன்னும் சரியான விடை தரவில்லை என்பது என் கருத்து.

ஆகவே, இன்றைய நிலையில் சிறுநீர்ப் பரிசோதனை கேமராவுக்குத் துணையாகவே நிற்கிறது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

மேலப்பாளையம் வாசகர்

சகோதரி சொல்லும் எக்ஸ்பர்ட் என்பது காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிதானா? அப்படியானால் கருவி ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இங்கே செய்வதில்லை?

நோய்க்குறியியல் மாணவி

கருவி அதேதான், அண்ணா. உள்ளே வைக்கும் பெட்டகம் வேறு. கருவி இருப்பதாலேயே பரிசோதனை எளிதாகிவிடாது. பெட்டகத்தின் விலை, அதை இறக்குமதி செய்வது, காசநோய்த் திட்டத்துக்கான கருவியை வேறு வேலைக்குப் பயன்படுத்த அனுமதி பெறுவது என்று பல படிகள் உள்ளன. ஆனாலும் உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. டென்மார்க்கில் வீரியம் மிகுந்த கட்டி இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கேமராவின் பெரும்பாலான தவணைகளுக்குப் பதிலாக இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்து, அதில் குறி தென்பட்டால் மட்டும் கேமராவுக்கு அழைக்கும் ஆய்வை நடத்தியிருக்கிறார்கள். அப்படியோர் ஆய்வு, கல்லடைப்பும் தொற்றும் மிகுந்த நம் தென்மாவட்டத்து நோயாளிகளிடம் நடக்க வேண்டும். டென்மார்க்கில் கிடைத்த முடிவு கடையத்துக்கும் களக்காட்டுக்கும் பொருந்தும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீரவநல்லூர் நெசவாளர்

எனக்கும் இதே நோய்தான். கேமரா என்றதும் பயந்துவிடாதீர்கள். வளையும் குழாயாக இருந்தால், மரப்பு ஜெல் தடவிச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். அன்றே பேருந்தேறி வீடு திரும்பலாம். அன்று முழுவதும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான். கூட ஒருவர் வருவதற்கு ஒரு நாள் கூலி போவதுதான் எங்கள் வீட்டில் பெரிய கவலை.

மேலப்பாளையம் வாசகர்

எனக்குப் பி.சி.ஜி. பற்றியும் ஓர் ஐயம். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இலட்சக்கணக்கானோருக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்த்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்ததாகப் படித்திருக்கிறேன். காசநோயையே தடுக்காத மருந்து புற்றுநோயை எப்படித் தடுக்கும்?

பாளை ஓய்வுச் செவிலியர்

தம்பி, நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் இரண்டும் வேறு வேலைகள். அங்கே தோலுக்குள் ஒருமுறை போட்டு, பல ஆண்டுகள் கழித்துக் காசநோய் வருகிறதா என்று பார்த்தார்கள். இங்கே உயிருள்ள கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே வாராவாரம் செலுத்தி, உறையில் அழற்சியைத் தூண்டி, உடலின் எதிர்ப்புச் செல்களை அந்த இடத்துக்கே வரவழைக்கிறோம். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஆல்வரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளிடம் செய்து பார்த்து 1976-இல் வெளியிட்டார். ஒன்பது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள்தான் அதை உறுதிசெய்தன, 1990-இல் அமெரிக்க அரசும் ஒப்புதல் தந்தது.

நான் சிறுநீரகவியல் வார்டில் பல ஆண்டுகள் இந்த மருந்தைச் செலுத்தியிருக்கிறேன். ஆசிரியர் ஐயா அண்ணனிடம் சொல்ல வேண்டியவற்றை எழுதுகிறேன். முதலில் வாரம் ஒன்றாக ஆறு தவணை. அதோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். லாம் என்ற மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், அந்த ஆறுக்குப் பிறகு 3, 6, 12, 18, 24, 30, 36-ஆம் மாதங்களில் மும்மூன்று தவணை தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் 76.8 மாதங்கள், ஆறோடு நிறுத்தியவர்களுக்கு 35.7 மாதங்கள். இத்தனை வேறுபாட்டைத் தரும் அந்தத் தொடர் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் அந்த ஆய்விலேயே 16 விழுக்காட்டினர்தான். ஆய்வுக்குழு பின்னாலேயே நின்று கவனித்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், உழவும் அறுப்பும் விட்டு வர வேண்டிய நம் ஊர்க்காரர்களை நினைத்து நான் கவலைப்படாத நாளில்லை.

எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இரண்டு நாள் இருக்கும். காய்ச்சல் கடுமையாகி நடுக்கம் கண்டால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து செலுத்தும் முன் சில மணி நேரம் தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும், செலுத்திய பின் இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அன்று ஆறு மணி நேரம் வரை உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

வண்ணார்பேட்டை ஆய்வுப் பணியாளர்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மருந்தளவைக் குறைத்தால் தொந்தரவு குறையுமா என்று ஐரோப்பாவில் 1,355 பேரிடம் பார்த்தார்கள். அதன் முடிவு 2013-இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு மருந்தளவு தந்தாலும் பக்கவிளைவு குறையவில்லை. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு முழு அளவில் மூன்று ஆண்டுகள் கொடுத்ததே நோய் திரும்புவதை மேலும் குறைத்தது. நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது.

மருந்துத் தட்டுப்பாடு வேறு கதை. கனடாவின் டொராண்டோவில் இருந்த சனோஃபி ஆலையில் 2012-இல் உற்பத்தி தடைப்பட்டு, 2017-இல் அந்த வகை உற்பத்தியே நிறுத்தப்பட்டதிலிருந்து, உலகில் பல நாடுகள் தவித்துவருகின்றன. எனவே அடுத்த தவணைக்கு மருந்து இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டு வாசகர்

இத்தனை ஊசியும் குழாயும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. எதிர்ப்புச் சக்தி கூடினால் நோய் திரும்பாது அல்லவா? வைட்டமின் மாத்திரைகளும் நம் நாட்டு மூலிகைகளும் இருக்கின்றனவே. சிறுநெருஞ்சில், சிறுபீளைக் குடிநீரெல்லாம் நம் பாட்டிமார் கொடுத்தவைதானே?

வண்ணார்பேட்டை ஆய்வுப் பணியாளர்

அண்ணாச்சி, இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் மிகுந்த நம்பிக்கையோடு கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். 1994-இல் அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு வைட்டமின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது போலத் தெரிந்தது. பிறகு 670 பேரிடம் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பயன் காணப்படவில்லை. பிரிட்டனில் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. செலினியத்தால் பயனில்லை. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியிருந்தது. செலிகாக்சிப் என்ற வலிநிவாரணி தடுக்குமா என்று 472 பேரிடம் பார்த்தார்கள்; தடுக்கவில்லை, இதயத் தொந்தரவு கூடியது. நல்லது செய்யும் என்று நியாயமாக எதிர்பார்த்தது தீங்கு செய்யக்கூடும் என்பதற்காகத்தான் குலுக்கல் முறை ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

மூலிகைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் கரிசல் நிலத்தில் தானாக முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும், ஈசுரமூலியும் அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, சிறுநீர்ப்பாதையின் மேற்பகுதியில் புற்றுநோயையும் உண்டாக்கும். உடல் மெலிவதற்காக அந்த இன மூலிகையை அறியாமல் உட்கொண்ட பெல்ஜியம் பெண்களுக்கு நேர்ந்ததை 1990-களில் மருத்துவ உலகம் பதிவு செய்தது. ஏற்கெனவே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர் இவற்றைத் தொடவே கூடாது. எந்தக் குடிநீர் எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஐயத்தால் இந்தியாவில் 2013 ஜூனில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டு, அடுத்த மாதமே எச்சரிக்கையுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த நோய் வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

பாளை ஓய்வுச் செவிலியர்

பீடியை விட்டுவிடுவதுதான் நோயாளியே செய்துகொள்ளக்கூடிய தடுப்பு. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்களில் இதைச் சொல்வது எளிதல்ல, வீட்டு வாசலிலேயே கட்டுக் கட்டாக இருக்கும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடையம் ஓய்வாசிரியர்

அனைவருக்கும் நன்றி. அண்ணனுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பீடியை நிறுத்தச் சம்மதித்திருக்கிறார். இன்னொன்று கேட்க வேண்டும். ஏதேனும் ஆய்வில் சேரும்படி மருத்துவமனையில் கேட்டால் என்ன செய்வது? எங்களைச் சோதனைப் பொருளாக ஆக்கிவிடுவார்களோ என்று அண்ணி அஞ்சுகிறார்.

வண்ணார்பேட்டை ஆய்வுப் பணியாளர்

அண்ணியின் அச்சத்தை நான் மதிக்கிறேன். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகள் எல்லாம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் முன்பதிவு பெற வேண்டும். அதன் பதிவெண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு, வீட்டில் வைத்துப் படித்து, ஒரு படியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கையொப்பமிடுங்கள். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. உங்கள் அண்ணாச்சியைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, பி.சி.ஜி. தரப்படாத பிரிவு ஏதும் அதில் இருக்கிறதா, இருந்தால் அவர்களுக்கு என்ன தரப்படுகிறது என்பதுதான்.

அதே நேரத்தில் ஆய்வு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. நீல ஒளியில் கட்டியை மிளிரச் செய்து சுரண்டினால் எதுவும் தப்பாது என்று பல ஆண்டுகளாக நம்பினார்கள். பிரிட்டனில் 538 பேரைச் சேர்த்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பிய அளவு நீல ஒளிக்கும் வெள்ளை ஒளிக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்த விலையுயர்ந்த கருவி நம் ஊரில் இல்லையே என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

பி.சி.ஜி. பலனளிக்காமல் போனால் சிறுநீர்ப்பையையே அகற்றுவதுதான் இன்றும் உறுதியான வழி. அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அமெரிக்கா 2020 ஜனவரியில் அனுமதித்தது. பரவலாக உறையில் படர்ந்த வகையில் 41 விழுக்காட்டினருக்கு நோய் மறைந்தது, ஆனால் பலருக்கு அது நிலைக்கவில்லை. 2024-இல் பி.சி.ஜி.யுடன் சேர்த்துச் செலுத்தும் இன்னொரு மருந்தும் வந்தது. இவற்றைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம்.

கடையம் ஓய்வாசிரியர்

மறுசுரண்டலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அது முடிந்ததும் உடனே பி.சி.ஜி. தொடங்கிவிடலாமா? தாமதமானால் நோய் முந்திக்கொள்ளுமோ என்று அண்ணன் இப்போது அவசரப்படுகிறார்.

பாளை ஓய்வுச் செவிலியர்

புண் ஆறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும், ஐயா. சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு தொற்று இருந்தாலோ, குழாய் செலுத்தும்போது காயம் பட்டாலோ அந்த வாரம் தவணையைத் தள்ளிவைப்போம். ஆறிப்போகாத புண்ணின் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும் என்பதே காரணம். ஒரு வாரம் தள்ளிப்போவதால் பலன் கெடாது. மும்மாதக் கேமரா இரண்டு ஆண்டுகள் வரை, பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை. முதல் கேமராவுக்கான தேதியை மறுசுரண்டல் முடிந்து வீடு திரும்பும் அன்றே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.